வலையை எண்ணினேன், வளையை எண்ணவில்லை

மொத்தம் 463 பவுண்டு செலவு. கைக்கு வந்தது இரண்டு முயல். எங்கள் ஊர்க் கசாப்புக் கடையில் தோல் உரித்துச் சுத்தம் செய்த முயல் சில பவுண்டுக்குக் கிடைக்கும் என்பதை என் மனைவி இன்றுவரை நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள். பணம் போனது கூடப் பரவாயில்லை. நவம்பர் இருட்டில், ஒரு மணல் மேட்டில், காதை மண்ணில் வைத்துக்கொண்டு தனியாகப் படுத்துக்கிடந்தேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது. ஃபெரெட் என்ற சின்ன வேட்டை விலங்கை வளைக்குள் விட்டு முயல் பிடிக்கப் போன கதை இது. அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், தெட்ஃபோர்டு பக்கம். மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ஊர் ஓரத்தில் வாடகைக்கு ஒரு காய்கறிப் பாத்தி வைத்திருக்கிறேன். போன வருடம் நான் போட்ட முட்டைக்கோஸ், பீன்ஸ், ஆசையாக வளர்த்த கொத்தமல்லி எல்லாவற்றையும் முயல் மேய்ந்துவிட்டது. பிரெக்லேண்ட் என்று சொல்லும் இந்த வட்டாரமே முயலுக்கென்று செய்து வைத்த மாதிரி. லேசான மணல் மண், தோண்டத் தோண்டச் சுகம். நார்மன்கள் இந்த நாட்டுக்கு முயலைக் கொண்டுவந்த பிறகு, இங்கே பல நூறு ஆண்டுகள் முயலைப் பயிர் மாதிரி வளர்த்திருக்கிறார்கள். அதற்குக் காவல் இருந்தவர் தங்க 1400 வாக்கில் தெட்ஃபோர்டு மடத்துக்காரர்கள் கட்டிய இரண்டு மாடிக் கல்வீடு காட்டுக்குள் இன்னும் நிற்கிறது. அன்று காவல் போட்டு வளர்த்தார்கள், இன்று என் கொத்தமல்லியைத் தின்கிறது.

நம் ஊர் ஆட்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நான் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். தாத்தா காலத்து முயல் வேட்டைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் நம் காட்டு முயல் வேறு, இது வேறு. நம் முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் பதுங்கும், நாய் கிளப்பினால் ஓடும். (1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைப் பிடிப்பது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.) இந்த ஊர் முயல் கூட்டமாக மண்ணுக்குள் குடித்தனம் நடத்துகிறது. நாய் போக முடியாத அந்த வளைக்குள் போவதற்குத்தான் ஃபெரெட். பார்த்தால் கீரிப்பிள்ளை போல நீளமாக, கால் குட்டையாக இருக்கும். ஆனால் கீரி இனம் இல்லை. போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டு விலங்கிலிருந்து மனிதன் பழக்கி எடுத்தது. ஃபெரெட் உள்ளே போனதும் முயல் பயந்து இன்னொரு வாயில் வழியாக வெளியே பாயும். வாயில் எல்லாவற்றிலும் நாம் வலை விரித்து வைத்திருப்போம். அந்த வலை அப்படியே பாட்டியின் சுருக்குப்பை. முயல் முட்டியதும் கயிறு இழுபட்டு வாய் மூடிக்கொள்ளும். அதனால் நான் அதைச் சுருக்கு வலை என்றே சொல்கிறேன். வளைக்கு வலை. தமிழில் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது.

பக்கத்துப் பாத்திக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். சிறுவயதிலிருந்து ஃபெரெட் வைத்திருந்தவர். இந்த ஊர் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எட்டு வருடமாகியும் எனக்கு அது வாயில் வருவதில்லை. அவர்தான், "பெட்டையாக இரண்டு வாங்கு, ஆண் நாற்றம் தாங்காது, உடம்பும் பெரிது" என்றார். ஒன்று வெள்ளை, ஒன்று மணல் நிறம். வெள்ளச்சி, செவலை என்று பெயர் வைத்தேன். இரண்டுக்கும் 50 பவுண்டு, கூண்டு 90, இருபது வலை 80, தூக்கிப் போகும் மரப்பெட்டி 25, மண்வெட்டி 30. அப்புறம் ஃபெரெட்டின் கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கும். மண்ணுக்குள் எங்கே, எத்தனை அடியில் இருக்கிறது என்று கையில் இருக்கும் பெட்டி சொல்லும். அதைப் பழையதாக 90 பவுண்டுக்கு வாங்கினேன். ஆக, வயலில் கால் வைக்கும் முன்பே 365.

முதல் தடவை தானும் வருவதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். முழங்கால் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. "ஜனவரி வரை பொறு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நவம்பர் முதல் வாரம், எனக்கு மூன்று நாள் லீவு, வானிலையும் நன்றாக இருந்தது. என் முதல் தப்பு இதுதான். இந்த வேலைக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை காலம் என்று சொல்வார்கள், ஆனால் அக்டோபரும் நவம்பரும் கற்றுக்குட்டிக்கு ஆகாது. உறைபனி நாலு தடவை விழுந்து, முட்செடியும் காஞ்சொறியும் கருகிப் படுத்த பிறகுதான் வளையின் வாயில்கள் கண்ணுக்குத் தெரியும். பிப்ரவரி கடைசிக்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு வளைக்குள் குட்டிகள் இருக்கும். அது பாவம் என்பது ஒரு பக்கம். ஃபெரெட் குட்டியைத் தின்றுவிட்டு உள்ளேயே தூங்கிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

அனுமதி விஷயத்தில் மட்டும் நான் சரியாக இருந்தேன். பாத்தியை ஒட்டிய பண்ணைக்காரரிடம் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் வாங்கிக்கொண்டேன். நிலத்தைப் பயிர்செய்பவருக்கு முயல் பிடிக்கும் உரிமையை 1880-லேயே சட்டம் கொடுத்திருக்கிறது. நம்மைப் போன்ற வெளியாளுக்கு அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. அன்று காலையிலேயே நாயுடன் நடந்துபோன ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றார். கையில் சாக்கு, மண்வெட்டி, வேலியோரம் குனிந்து நிற்கும் கறுத்த ஆள். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தாளை நீட்டினேன். படித்துவிட்டு, நல்வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். காரில் இருந்தால் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, வாயில் ஒரு சாண் அளவைத் தாண்டி, படுக்கைவாட்டில் அகன்று, வெளியே மண் குவியலாகக் கிடந்தால் ஒதுங்கிவிடுங்கள். அது பேட்ஜர் என்ற, மண்ணுக்குள் வாழும் பெரிய காட்டு விலங்கின் வளையாக இருக்கலாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தொந்தரவு செய்தால் வழக்கு வரும். உள்ளே போன ஃபெரெட்டும் உயிரோடு வருவது சந்தேகம்.

காலை ஒன்பதரை. வேலியோரத்தில் பெரிய மேடு. கற்றுக்குட்டி நான்கைந்து வாயில் உள்ள சின்ன வளையில்தான் தொடங்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு, வாயில் நிறைய இருந்தால் முயலும் நிறைய என்ற கணக்கு. பதினெட்டு வாயில் எண்ணினேன். கையில் இருபது வலை. இரண்டு மிச்சம் வேறு என்று சந்தோஷம். வலை விரிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. நான் போட்டிருந்த ஜாக்கெட்டில் ஆறு பட்டன். ஆறிலும் வலை மாட்டியது. பட்டன் இல்லாத, ஜிப் வைத்த உடுப்பைப் போடுங்கள் என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை! ஒவ்வொரு தடவை சிக்கலை எடுக்கும்போதும் நான் காலை மாற்றி மாற்றி மிதித்து, முணுமுணுத்து, உள்ளே இருந்த முயல்கள் எல்லாவற்றுக்கும் ஆள் வந்திருக்கிறது என்று தண்டோரா போட்டுவிட்டேன். இந்த வேலையில் பூனை நடை வேண்டும். வாயிலுக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது, நிழலும் விழக் கூடாது. மேட்டின் மேலே, வாயிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

காலையில் இரண்டுக்கும் தீனி வைக்கவில்லை. பசியோடு இருந்தால் நன்றாக வேட்டையாடும் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தேன். பெரியவர் பிறகு கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பசித்த ஃபெரெட் உனக்காக வேட்டையாடாது, தனக்காக வேட்டையாடும்" என்றார். அது முயலைத் துரத்தி வெளியேற்றத்தான் வேண்டும். உள்ளேயே கொன்று, தின்று, அந்தக் கதகதப்பில் சுருண்டு படுத்துவிட்டால் நாம் வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான். காலையில் அளவாகக் கறி கொடுத்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

பத்தரைக்கு இரண்டையும் உள்ளே விட்டேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் காலுக்கடியில் ஒரு சத்தம். மண்ணுக்குள் யாரோ மூட்டை உருட்டுவது போலத் தடதடவென்று. உடம்பு சிலிர்த்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அடுத்த நொடி ஏழடி தள்ளி ஒரு வலை பந்தாகச் சுருண்டு உருண்டது. ஓடிப்போய் அமுக்கினேன். உள்ளே முயல், அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடக்கிறது. அங்கே நான் உறைந்துபோனேன். கழுத்தை எப்படி முறிக்க வேண்டும் என்று பெரியவர் காட்டியிருந்தார், ஆனால் சாதத்தில் கிடக்கும் கறியைத் தவிர நான் எதையும் கொன்றதில்லை. வாரத்துக்கு நான்கு ராத்திரி உயிரைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவன். இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தது. அந்த முதல் முயற்சிக்காக அந்த முயலிடம் இன்றும் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. தயவு செய்து, போகும் முன்பே தெரிந்தவர் பக்கத்தில் நின்று இதைக் கற்றுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் போகாதீர்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. கொன்றதும் அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், தாமதிக்காமல் குடலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கறி நாறிவிடும்.

பதினொன்றேகாலுக்கு இரண்டாவது முயல். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. செவலை பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தது. நகத்திடையில் முயல் ரோமம். முட்டுச்சந்தில் ஒரு முயல் முதுகைக் காட்டி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஃபெரெட் அதன் பின்புறத்தைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். அதற்கு அடையாளம் இந்த ரோமம். செவலையைப் பெட்டியில் போட்டேன். வெள்ளச்சி வரவில்லை.

ஒரு மணி. இரண்டு மணி. கையிலிருந்த பெட்டி ஐந்தடி ஆழம் என்று ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தோண்ட ஆரம்பித்தேன். நவம்பரில் இங்கே நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். தலையில் கட்டும் விளக்கு போட்டுக்கொண்டு தோண்டினேன். ஈர மணல், தோண்டத் தோண்டச் சரிந்தது. நான்கடி போனதும் குழிக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து கையால் மண் அள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பக்கச் சுவர் பொதுக்கென்று விழுந்து கழுத்துவரை மண் வந்தது. வெளியே வந்து உட்கார்ந்து, இருமி, துப்பி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். பேச யார் இருந்தார்கள்? மண்ணில் மூடிப்போனவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. நான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டில் சரியாகச் சொல்லவும் இல்லை. மணலில் ஆழமாகத் தோண்ட நேர்ந்தால் குழியை அகலமாக எடுங்கள், தலையை உள்ளே விடாதீர்கள், துணைக்கு ஆள் இல்லாமல் தோண்டாதீர்கள். ஒரு முயலுக்காகவோ ஃபெரெட்டுக்காகவோ சாக வேண்டியதில்லை.

ஏழு மணிக்கு விட்டுவிட்டேன். பதினெட்டு வாயிலில் பதினேழை மண்ணாலும் கல்லாலும் அடைத்து, ஒரு வாயிலை மட்டும் திறந்து வைத்து, அதன் முன்னால் வைக்கோல் போட்ட மரப்பெட்டியை வைத்தேன். உள்ளே முயல் குடல் கொஞ்சம். வாசனைக்கு வந்து, தின்றுவிட்டு, வைக்கோலில் படுத்துத் தூங்கும் என்பது பழைய தந்திரம்; பெரியவரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனால் மனைவி என் கோலத்தைப் பார்த்து, "என்னங்க இது, கீரிப்பிள்ளை எங்கே?" என்றாள். இரண்டு மாதமாக "நாற்றம் பிடித்த சனியன்" என்று திட்டியவள், அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஜன்னலில் வெளியே குளிர் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெட்டி காலி. குடல் அப்படியே இருந்தது. கருவி இன்னும் அதே ஐந்தடி, அதே இடம். பதினொரு மணிவரை அகலமாகத் தோண்டிக் கடைசியில் என் கைக்கு வந்தது கழுத்துப் பட்டை மட்டும்தான். ஃபெரெட்டுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் வேரில் மாட்டிக் கழன்றுவிடும். பாவம், இறுக்கக் கூடாது என்று நான் தளர்வாகப் போட்டிருந்தேன். பத்து மணி நேரம் ஒரு பட்டைக்காகத் தோண்டியிருக்கிறேன். சுண்டுவிரல் சிரமப்பட்டு நுழையும் அளவுக்குத்தான் பட்டை இருக்க வேண்டும். கருவி மணிக்கணக்கில் ஒரு அங்குலம்கூட நகராத இடத்தைக் காட்டினால், மண்வெட்டியை எடுக்கும் முன் இந்தச் சந்தேகம் வரட்டும். படுத்திருக்கும் ஃபெரெட்கூட அவ்வப்போது கொஞ்சம் புரளும்.

அப்புறம்தான் முட்செடிப் புதரை வெட்டிப் பார்த்தேன். பச்சை இலைக்கடியில் பத்தொன்பதாவது வாயில். அதில் வலையும் இல்லை, நான் கல்லும் வைக்கவில்லை. வெளியே மணலில் சின்னச் சின்னக் கால்தடம்.

இரண்டரை நாள் தேடினேன். ஒரே உருப்படியான காரியம், அரை மைல் சுற்றிலும் இருந்த வீடுகளில் என் போன் நம்பர் எழுதிய சீட்டைப் போட்டதுதான். மூன்றாம் நாள் மதியம் ஒரு அம்மாவின் போன். "உங்கள் வெள்ளை எலி என் கோழிக்கூண்டில் இருக்கிறது." போய்ப் பார்த்தேன். வெள்ளச்சி மூலையில் வைக்கோலுக்குள் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு முட்டைக்கோழி, கழுத்தில் கடி. மூன்றாவது கோழி விடாமல் கொத்தியிருக்கிறது போல, வெள்ளச்சியின் கண்ணருகே காயம். கோழிகளுக்கு 40 பவுண்டு கொடுத்தேன். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் கூடாது. கால்நடை மருத்துவருக்கு 58. அந்த மருத்துவர்தான் மைக்ரோசிப் போடச் சொன்னார், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போடச் சொன்னார். நான் வாங்கும்போது யாரும் சொல்லாத இன்னொன்றையும் சொன்னார். பெட்டை ஃபெரெட் வசந்தத்தில் சூட்டுக்கு வந்து ஆணோடு சேராவிட்டால் சூடு தணியாமலே இருந்து, ஹார்மோனால் ரத்தம் வற்றிச் செத்தே போகலாம்; அதற்கு ஊசி உண்டு, அல்லது வாசக்டமி செய்த ஆணோடு விட வேண்டும். நர்ஸாக எனக்குத் தெரிந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நம் ஃப்ளூ இதற்குத் தொற்றும். 1933-ல் மனித ஃப்ளூ வைரஸை லண்டனில் முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டை வைத்துத்தான். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் வேறு யாராவது தீனி போடட்டும்.

ஜனவரியில் பெரியவர் கைத்தடியோடு வந்தார். நல்ல உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. வேறொரு வேலி, சின்ன வளை. ஃபெரெட் பெட்டியைக் காரிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். வலைப் பையையும் எடுக்க விடவில்லை. முதலில் நான் முழங்காலிட்டு வேலியைச் சுற்றி வர வேண்டும் என்றார். வந்தேன். கால் மணி நேரம் ஆனது.

"எத்தனை?" என்றார்.

"ஆறு."

அவர் மெதுவாக நொண்டிக்கொண்டே நடந்துபோய், கருகிக் கிடந்த காஞ்சொறிக் கட்டையைக் கைத்தடியால் விலக்கினார்.

"ஏழு."